நீரிழிவாளர்க்குரிய கருவிகள்: தெரிவும் பயனும்

நீரிழிவு ஒருநாளிலே தோன்றி மறுநாளிலே மறையும் நோயன்று. அதனை உடையோர் வாழ்நாள் முழுவதும் அதனோடு கூடி வாழவேண்டியவராவர். ஏனைய நோய்கள் பலவற்றிலே வைத்தியர் மருந்தைத் தெரிந்து கொடுக்க, நோயாளர் அதனை உட்கொள்வதோடு அவரது கடமை பெரும்பாலும் முடிந்துவிடுகின்றது. நீரிழிவிலோ எதனை உண்பது, எவ்வளவு உண்பது, எப்பொழுது உழைப்பது, எத்தனை அலகு இன்சுலினை ஏற்றுவது என்னும் முடிவுகளை நோயாளர் தாமே நாள்தோறும் எடுக்கவேண்டியுள்ளது. கிளினிக்கிலே வைத்தியரைக் காணுஞ் சில நிமிடங்கள் நீங்கலாக, எஞ்சிய காலமெல்லாம் அவரே தமக்கு வைத்தியராகின்றார். இம்முடிவுகளுக்குத் துணைசெய்யும் பொருட்டே குருதி வெல்லத்தை அளக்குங் கருவிகளும் இன்சுலினை ஏற்றுங் கருவிகளும் ஆக்கப்பட்டுள்ளன.

இன்று இக்கருவிகள் பலவாகப் பெருகிவிட்டன. யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றிலே இலண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ மக்களும் மருமக்களும் அன்போடு அனுப்பிய குளுக்கோமீற்றர் ஒன்றைக் காணலாம். அதனோடு வந்த சோதனைக் கீற்றுகள் முடிந்ததும், அவ்வகைக் கீற்று ஈண்டுக் கிடையாமையால், கருவி அலுமாரியுள் உறங்கத் தொடங்குகின்றது. சில வீடுகளிலே அதனினும் இடரான நிலையுண்டு. பிரித்தானியாவிலும் கனடாவிலும் விற்கப்படுங் கருவிகள் குருதி வெல்லத்தை இலீற்றருக்கு மில்லிமோல் என்னும் அலகிற் காட்டுகின்றன. நமது ஆய்வுகூட அறிக்கைகளோ பெரும்பாலும் டெசிலீற்றருக்கு மில்லிகிராம் என்னும் அலகிற் கூறுகின்றன. முன்னையதை 18 ஆற் பெருக்கினாற் பின்னையது கிடைக்கும். கருவியில் 10 என்று தோன்றுவது 180 மில்லிகிராமாகும். இதனை அறியாதவர் “பத்துத்தானே இருக்கின்றது, மிகக் குறைந்துவிட்டது” என்றெண்ணிச் சீனித் தண்ணீர் குடிப்பாராயின் கருவியே தீங்கிற்குக் காரணமாகிவிடும்.

எனவே எக்கருவி புதியது, எக்கருவி விலை கூடியது என்பது முதல் வினாவன்று. இக்கருவி காட்டும் எண்ணைக் கொண்டு நான் எந்த முடிவை எடுக்கப்போகின்றேன் என்பதே முதல் வினாவாகும். எந்த முடிவையும் மாற்றாத எண், எத்துணை நுட்பமாக அளக்கப்பட்டதாயினும், வீண் எண்ணேயாம். இக்கருத்தை அடியொற்றி, இன்று வழக்கிலுள்ள கருவிகள் எதனை அளக்கின்றன, எங்கே பிழைக்கின்றன, யாருக்குப் பயன்படுகின்றன என்பவற்றை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிறுநீரிலிருந்து குருதிக்கு

உயர்தர வகுப்பில் இரசாயனவியல் பயின்றோர் பெனடிக்றின் கரைசலை அறிவர். நீல நிறமான அக்கரைசலோடு சிறுநீரின் சில துளிகளைச் சேர்த்துச் சூடாக்க, வெல்லத்தின் அளவிற்கேற்பப் பச்சை, மஞ்சள், செங்கல் நிறங்கள் தோன்றும். நீண்ட காலமாக நீரிழிவாளர் வீட்டிற் செய்யத்தக்க சோதனை இதுவொன்றாகவே இருந்தது. 1956 இல் ஐக்கிய அமெரிக்காவில் ஹெலன் பிறீ, அல்பிரட் பிறீ தம்பதியரின் ஆய்வின் பயனாகச் சிறுநீரிலே தோய்த்தவுடன் நிறமாறுங் கடதாசிக் கீற்று சந்தைக்கு வந்தது. அடுப்பும் சோதனைக்குழாயும் வேண்டாதனவாயின.

எனினும் சிறுநீர்ச் சோதனைக்கு அடிப்படையான குறையொன்றுண்டு. குருதி வெல்லம் ஏறத்தாழ 180 மில்லிகிராமைக் கடந்த பின்னரே சிறுநீரகம் அதனைச் சிறுநீரிற் கசியவிடுகின்றது. ஆதலின் 60 உம் 160 உம் சிறுநீரிலே ஒன்றுபோலவே “இல்லை” எனத் தோன்றும். உயிருக்கு உடனடி இடராகிய குருதி வெல்லத் தாழ்வை அச்சோதனை ஒருபோதுங் காட்டாது. மேலும், சிறுநீர் சில மணித்தியாலங்களுக்கு முந்திய நிலையையே எடுத்துரைக்கும்.

1960 களின் நடுப்பகுதியிலே ஒரு துளி குருதியைக் கொண்டு நிறமாறுங் கீற்று வந்தது. அந்நிறத்தைக் கண்ணால் மதிப்பிடாது ஒளித்தெறிப்பால் அளக்குங் கருவி அப்பத்தாண்டின் இறுதியிலே தோன்றியது. அது வைத்தியசாலைகளுக்கும் வைத்தியர்களுக்குமென்றே ஆக்கப்பட்டது. நோயாளர் தாமே அதனை வாங்குதல் இயலாதிருந்தது. சிறுவயதிலிருந்தே நீரிழிவால் வருந்திய றிச்சர்ட் பேண்ஸ்ரைன் என்னும் பொறியியலாளர், வைத்தியராயிருந்த தம் மனைவியின் பெயரால் 1969 ஆம் ஆண்டளவில் அக்கருவியொன்றைப் பெற்றார். ஒரு கிலோகிராமுக்கு மேற்பட்ட நிறையும் 650 டொலர் விலையும் உடைய அதனைக்கொண்டு நாளுக்குப் பன்முறை தம் குருதியைச் சோதித்து, எவ்வுணவு எவ்வளவு உயர்த்துகின்றது, எவ்வளவு இன்சுலின் எவ்வளவு தாழ்த்துகின்றது எனக் குறித்துவைத்தார். அவரது உடல்நிலையைச் சீராக்கியது பெட்டியன்று. பெட்டி காட்டிய எண்ணின்படி உணவையும் மருந்தையும் மாற்றிய செயலேயாகும். இன்றும் இவ்வுண்மை மாறவில்லை.

குளுக்கோமீற்றர் தொழிற்படுமாறு

இன்றைய குளுக்கோமீற்றர் பெரும்பாலும் நிறத்தை அளப்பதில்லை, மின்னோட்டத்தை அளக்கின்றது. இதற்கு வித்திட்டவர்கள் 1962 இல் நொதிய மின்வாய் என்னுங் கருத்தை வெளியிட்ட லீலண்ட் கிளார்க்கும் லயன்சும் ஆவர். சோதனைக் கீற்றின் நுனியிலே குளுக்கோசைத் தாக்கும் நொதியம் ஒன்று உலர்நிலையிற் பூசப்பட்டுள்ளது. குருதித்துளி பட்டதும் நொதியம் குளுக்கோசை ஒட்சியேற்ற, அப்போது வெளிப்படும் இலத்திரன்களை இடையீட்டுப் பொருளொன்று ஏந்தி மின்வாய்க்குக் கொண்டுசெல்கின்றது. குளுக்கோசு மிகுந்தால் மின்னோட்டமும் மிகும். பெரோசீன் சேர்வையொன்றை இடையீட்டுப் பொருளாகக் கொண்டு, இங்கிலாந்தில் நிகழ்ந்த ஆய்வுகளின் பயனாகப் பேனை அளவிலான முதற் கருவி 1987 இல் விற்பனைக்கு வந்தது.

இதனால் விளங்குவது யாதெனின், உண்மையில் அளக்குங் கருவி கீற்றேயாகும். மீற்றர் அதன் மின்னோட்டத்தை எண்ணாக மாற்றும் பெட்டி மட்டுமே. குளுக்கோமீற்றர் வாங்குவோர் பெட்டியின் விலையை வினாவுகின்றனர். வினாவவேண்டியதோ கீற்றின் விலையும், அது அடுத்த ஆண்டும் அடுத்த தெருவிலுள்ள மருந்துக்கடையிற் கிடைக்குமா என்பதுமாகும்.

எண்ணின் நம்பகம்

குளுக்கோமீற்றர் காட்டும் எண் ஆய்வுகூட எண்ணோடு முற்றும் ஒவ்வாது. 2013 இல் திருத்தியமைக்கப்பட்ட ஐ.எஸ்.ஓ. 15197 என்னும் சர்வதேச நியமத்தின்படி, 100 மில்லிகிராமும் அதற்கு மேலும் உள்ள அளவீடுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தேனும் உண்மையளவிலிருந்து 15 சதவீதத்துக்குள்ளும், 100 இற்குக் குறைந்தவை 15 மில்லிகிராமுக்குள்ளும் அமைதல் வேண்டும். எனவே உண்மையளவு 200 ஆயின், 170 முதல் 230 வரை எதனைக் காட்டினும் கருவி நியமத்துக்கு அமைந்ததேயாம். நேற்று 126, இன்று 138 என்று கவலுறுவோர் இதனை நினைவிற்கொள்ளல் நன்று. அவ்வேறுபாடு உடலில் நிகழ்ந்ததன்றிக் கருவியின் எல்லைக்குள் அடங்கியதாகவும் இருக்கலாம்.

கருவியின் எல்லைக்குப் புறம்பான பிழைகளும் உள. மாம்பழந் தோலுரித்த கையைக் கழுவாது குத்திப் பார்ப்பின், விரலில் ஒட்டிய பழவெல்லமும் குருதியோடு கலந்து பெரியதோர் எண்ணைத் தரும். மதுசாரந் தடவிய பஞ்சு அவ்வொட்டலை முழுதும் நீக்காது. ஓடும் நீரிலே கழுவித் துடைத்தலே வேண்டும். செங்குழியங்கள் குறைந்த குருதிச்சோகையுடையோரிற் பல மீற்றர்கள் உண்மையிலும் கூடிய எண்ணைக் காட்டும். மூடியைத் திறந்துவைத்த போத்தலிலே ஈரப்பதன் புகுந்து கீற்றின் நொதியத்தைக் கெடுக்கும். வயிற்றறையூடாகக் குருதிச் சுத்திகரிப்புச் செய்துகொள்ளுஞ் சிறுநீரக நோயாளரிற் சிலருக்கு ஏற்றப்படுந் திரவத்திலிருந்து மோல்ற்றோசு உண்டாகின்றது. ஒருவகை நொதியங்கொண்ட கீற்றுகள் அதனையுங் குளுக்கோசென மயங்கி மிகையான எண்ணைக் காட்டுவன. அதனை நம்பி இன்சுலினை மிகையாக ஏற்றியதால் உயிரிழப்புகளும் நேர்ந்துள்ளன என 2009 இல் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் எச்சரித்தது. அத்தகைய நோயாளர் தம் வைத்தியரைக் கேளாது கீற்றைத் தெரிதல் ஆகாது.

தொடர்ந்து அளக்கும் உணரி

விரலைக் குத்திப் பெறும் எண் ஒரு கணத்தின் நிலைப்படம் போன்றது. வெல்லம் அக்கணத்தில் ஏறுகின்றதா, இறங்குகின்றதா என்பதை அது கூறாது. இக்குறையை நீக்கும் பொருட்டுத் தோலின்கீழ் மெல்லிய இழையொன்றைப் பதித்துச் சில நிமிடங்களுக்கொருமுறை அளக்கும் உணரிகள் ஆக்கப்பட்டன. இவ்வகையில் முதற் கருவி 1999 இல் ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி பெற்றது. விரலைக் குத்தி ஒப்பிட்டுத் திருத்தவேண்டாத, இரு வாரம் புயத்தில் ஒட்டியிருக்கும் உணரி 2014 இல் ஐரோப்பாவில் வெளிவந்தது. இன்று வழங்கும் உணரிகளுட் பெரும்பாலானவை 10 முதல் 15 நாள் வரை தொழிற்பட்டு, அளவீட்டைக் கைத்தொலைபேசிக்கு அனுப்புகின்றன. வெல்லம் தாழும்போது ஒலியெழுப்பி எச்சரிப்பனவும் உள.

இவ்வுணரி குருதியை அளப்பதில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. அது அளப்பது கலங்களுக்கிடையே உள்ள இழையப் பாய்பொருளின் குளுக்கோசையே. குருதியிலிருந்து குளுக்கோசு அங்கே சென்று சேர ஏறத்தாழ 5 முதல் 15 நிமிடம் வரை ஆகின்றது. வெல்லம் நிமிடத்துக்கு 3 மில்லிகிராம் வீதம் இறங்கும்போது பத்து நிமிடப் பிந்துகை இருக்குமாயின், உணரி 95 எனக் காட்டுங் கணத்திலே குருதியில் 65 மட்டுமே இருக்கும். ஆதலின் கைநடுக்கம், வியர்வை, பார்வை மங்கல் ஆகிய குறிகள் தோன்றும்போது உணரி நல்ல எண்ணைக் காட்டினும் அதனை நம்பாது, விரலைக் குத்திப் பார்த்தல் வேண்டும். அதற்கு வசதியில்லையேல் உடனே வெல்லம் உட்கொள்ளல் வேண்டும். உணரி பதித்த புயத்தின்மேற் படுத்து உறங்குவோருக்கு அழுத்தத்தினால் இல்லாத தாழ்வு ஒன்று தோன்றுவதுமுண்டு. விற்றமின் சி மாத்திரையைப் பேரளவில் உட்கொள்ளல் சிலவகை உணரிகளிலும், பரசிற்றமோல் வேறுசிலவற்றிலும் பொய்யான உயர்வைத் தோற்றுவிக்கும்.

குறைகள் இவ்வாறிருப்பினும் உணரியின் பயன் ஐயத்துக்கு இடமற்றது. 2016 இல் வெளியான ஐரோப்பிய ஆய்வொன்றிலே, முன்னரே நற்கட்டுப்பாட்டில் இருந்த முதலாம் வகை நீரிழிவாளர் வெல்லத் தாழ்வில் (70 மில்லிகிராமுக்குக் கீழ்) நாளொன்றுக்குக் கழித்த நேரம், உணரியைப் பயன்படுத்தியபோது 3.38 மணித்தியாலத்திலிருந்து 2.03 மணித்தியாலமாகக் குறைந்தது. உறக்கத்திலே வெல்லந் தாழுமோ என்றஞ்சி இரவு முழுவதும் விழித்திருக்குந் தாய்க்கு இஃது எத்துணை ஆறுதல் என்பதைக் கூறவேண்டியதில்லை.

தோலைத் துளையாமலே குருதி வெல்லத்தை அளப்பதாகக் கூறிக் கைக்கடிகாரங்களும் மோதிரங்களும் இணையவழி விற்கப்படுகின்றன. அவ்வாறு தாமே அளக்குங் கடிகாரம் அல்லது மோதிரம் எதனையுந் தான் அனுமதிக்கவில்லை என அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2024 பெப்ரவரியிற் பகிரங்கமாக எச்சரித்தது. இவற்றின் எண்ணை நம்பி இன்சுலினை ஏற்றுதல் கண்ணை மூடிக்கொண்டு கிணற்றைத் தாண்டுதலை ஒக்கும்.

மூன்று மாதச் சராசரி

வீட்டுக் கருவிகளோடு ஆய்வுகூடச் சோதனையொன்றையுஞ் சேர்த்து நோக்குதல் வேண்டும். அதுவே ஈமோகுளோபின் ஏ1சி ஆகும். செங்குழியத்திலுள்ள ஈமோகுளோபினோடு குளுக்கோசு மெல்லமெல்லப் பிணைகின்றது. செங்குழியம் ஏறத்தாழ 120 நாள் வாழ்கின்றது. எனவே பிணைந்த பகுதியின் வீதம் கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியை உணர்த்துகின்றது. 7 சதவீதம் என்பது ஏறத்தாழ 154 மில்லிகிராம் சராசரிக்குச் சமன்.

இச்சோதனையின் சிறப்பை நிறுவியது ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை முதலாம் வகை நீரிழிவாளர் 1,441 பேரிடத்து நிகழ்ந்த பேராய்வாகும். நாளுக்கு மூன்று ஊசியேனும் பம்பியேனும் கொண்டு, நான்கு முறையேனும் குருதியைச் சோதித்து, ஏ1சியை ஏறத்தாழ 7 சதவீதத்தில் வைத்திருந்தோரில், முன்னர் விழித்திரை நோய் இல்லாதோருக்கு அந்நோய் தோன்றும் வாய்ப்பு 76 சதவீதத்தாற் குறைந்தது. ஆயின் அதே தொகுதியினரிற் கடுமையான வெல்லத் தாழ்வு ஏறத்தாழ மும்மடங்காயிற்று. கண்ணையுஞ் சிறுநீரகத்தையுங் காப்பதற்கு வெல்லத்தைத் தாழ்த்தல் வேண்டும். மூளையைக் காப்பதற்கு அதனை மிகத் தாழாது நிறுத்தல் வேண்டும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய பாதையிலே நடப்பதற்கே கருவிகள் தேவைப்படுகின்றன.

சராசரி மட்டும் போதாது என்பதும் இதனாற் பெறப்படும். 100 இற்கும் 200 இற்கும் இடையே அசைபவரும், 50 இற்கும் 280 இற்கும் இடையே ஊசலாடுபவரும் ஒரே ஏ1சியைப் பெறலாம். இதனாலேயே 2019 இல் சர்வதேச அறிஞர்குழு, உணரி அணிவோருட் பெரும்பாலோருக்கு, நாளின் 70 சதவீதத்துக்கு மேற்பட்ட நேரம் 70 முதல் 180 மில்லிகிராமுக்குள்ளும், 4 சதவீதத்துக்குக் குறைந்த நேரமே 70 இற்குக் கீழும் அமைதல் வேண்டும் என வகுத்தது. தலசீமியாவும் ஏனைய ஈமோகுளோபின் வேறுபாடுகளும் உடையோரிலும், அண்மையிற் குருதி ஏற்றப்பட்டோரிலும் ஏ1சி பிழைபடலாம். வீட்டு அளவீடும் ஏ1சியும் முரண்படின், நோயாளர் பொய் கூறுகின்றார் என்று கொள்ளுமுன் இக்காரணங்களை ஆராய்தல் முறையாகும்.

இன்சுலினை ஏற்றுங் கருவிகள்

அளத்தல் ஒரு பாதி. இன்சுலின் வேண்டியோருக்கு ஏற்றுதல் மறுபாதி. மிக எளிய கருவி ஊசிக்குழலாகும். விலை குறைந்ததும் பழகியதுமாகிய இது, செவ்வனே பயன்படுத்தப்படின் எவ்வகையிலும் இழிந்ததன்று. ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். மில்லிலீற்றருக்கு 40 அலகு கொண்ட இன்சுலினும் 100 அலகு கொண்ட இன்சுலினும் உலகில் வழங்குகின்றன. இந்தியாவிலே 40 அலகுக் குப்பிகள் பரவலாக உள்ளன. 100 அலகு இன்சுலினை 40 அலகுக் குழலிலே 20 என்னுங் கோடுவரை எடுப்பவர் உண்மையில் 50 அலகை ஏற்றிவிடுவர். மறுதலையாக 40 அலகு இன்சுலினை 100 அலகுக் குழலில் எடுப்பவர் 20 இற்குப் பதிலாக 8 அலகையே பெறுவர். கடல்கடந்து சென்று மருந்து வாங்கி வருவோர் குப்பியிலும் குழலிலும் ஒரே எண் பொறிக்கப்பட்டுள்ளதா எனப் பார்த்தல் இன்றியமையாதது.

1985 இல் அறிமுகமான இன்சுலின் பேனையில் அளவைத் திருகி அமைக்கலாம். பார்வை குன்றியோருக்குங் கைநடுக்கமுடையோருக்கும் பணிமனையிலோ விரிவுரை மண்டபத்திலோ ஏற்றவேண்டியோருக்கும் அஃது ஏற்றது. பம்பி என்பது இடையறாது சிறுசிறு அளவாக விரைவின்சுலினைத் தோலின்கீழ்ச் செலுத்துவது. உணரியோடு பம்பியை இணைத்து, வெல்லத்துக்கேற்பக் கணனியே அளவை மாற்றும் அமைப்பு 2016 இல் முதன்முதல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. 2019 இல் வெளியான, 168 பேர் பங்குகொண்ட ஆய்வொன்றிலே, இத்தகைய அமைப்பைப் பயன்படுத்தியோர் நல்லெல்லைக்குட் கழித்த நேரம் 61 சதவீதத்திலிருந்து 71 சதவீதமாக உயர்ந்தது. உணரியோடு வழக்கமான பம்பியைப் பயன்படுத்தியோரில் அது 59 சதவீதமாகவே நின்றது.

எனினும் பம்பியில் நீடித்துத் தொழிற்படும் இன்சுலின் இல்லை. குழாய் அடைபடினும் மின்கலம் ஓயினும் சில மணித்தியாலங்களிலே உடல் இன்சுலினற்ற நிலையை அடைந்து, குருதியிற் கீற்றோன் அமிலங்கள் பெருகி உயிராபத்து விளையலாம். ஆதலின் பம்பி அணிபவர் பேனையையும் ஊசியையும் கைவிடல் ஆகாது. தானியங்கி அமைப்பாயினும், உண்ணப்போகும் மாச்சத்தின் அளவை அதற்கு அறிவிப்பவர் மனிதரே.

யாருக்கு எது?

நம் சுற்றத்திலே காணத்தக்க நால்வரை எடுத்துக்கொள்வோம். முதலாமவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். இரண்டாம் வகை நீரிழிவுக்கு மெற்போமின் மாத்திரை மட்டும் உட்கொள்பவர். இம்மாத்திரை தனித்து வெல்லத் தாழ்வை உண்டாக்குதல் அரிது. காலைதோறும் குருதியைச் சோதித்து அட்டவணையில் எழுதுவாராயினும் அவர் அதன்படி எதனையும் மாற்றப்போவதில்லை. 2017 இல் வட கரோலைனாவில் இன்சுலின் ஏற்றாத 450 நோயாளரிடத்து நிகழ்ந்த ஆய்வில், நாள்தோறுஞ் சோதித்தோருக்கும் சோதியாதோருக்கும் ஓராண்டின் பின்னர் ஏ1சியிற் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இவருக்கு உகந்தது குறித்த காலத்தில் ஏ1சிச் சோதனையும், இடையிடையே வினாவோடு கூடிய சோதனையுமாகும். புட்டு ஒரு கோப்பை உண்ணுமுன் ஒருமுறை, உண்டு இரண்டு மணித்தியாலத்தின் பின் ஒருமுறை; மற்றொரு நாள் அரைக்கோப்பைப் புட்டும் மிகுதிக்குக் கீரையும் உண்டு அவ்வாறே. நான்கு கீற்றுகள் அவருக்குக் கற்பிப்பதை, நோக்கமின்றிச் செலவிட்ட நானூறு கீற்றுகள் கற்பியா. ஆயின் மெற்போமினோடு கிளிபென்கிளமைட்டு, கிளிக்கிளசைட்டு முதலிய மாத்திரைகளும் உட்கொள்வாராயின் தாழ்வு நேரலாம். அப்போது வீட்டிலே மீற்றர் இருத்தல் வேண்டும்.

இரண்டாமவர் கமக்காரர், காலையும் மாலையும் கலப்பு இன்சுலின் ஏற்றுபவர். வயலிலே கடுமையாக உழைத்த நாளின் நள்ளிரவிலே, மாலை ஊசியின் தாக்கம் மிகும்போது அவரது வெல்லம் தாழலாம். இவருக்கு நம்பத்தக்க மீற்றரும், கீற்று எளிதிற் கிடைத்தலும் கட்டாயமானவை. காலையுணவுக்கும் இராவுணவுக்கும் முன்னரும், கடின உழைப்பு நாள்களில் உறங்குமுன்னரும், இடையிடையே அதிகாலை மூன்று மணிக்குஞ் சோதித்தல் நன்று. 70 இற்குக் கீழ்க் காணின் 15 கிராம் சீனியை நீரிற் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தின் பின் மீண்டுஞ் சோதிக்கவேண்டும். வசதி வாய்ப்பின், இரண்டாம் வகையினருக்கும் உணரி பயன்தரும். நீடித்த இன்சுலின் மட்டும் ஏற்றிய 175 பேரைக் கொண்டு 2021 இல் வெளியான ஆய்விலே, எட்டு மாதத்தில் உணரி அணிந்தோரின் ஏ1சி 9.1 இலிருந்து 8.0 ஆகவும், மீற்றர் பயன்படுத்தியோரின் ஏ1சி 9.0 இலிருந்து 8.4 ஆகவும் குறைந்தது. ஆண்டு முழுவதும் உணரி வாங்க இயலாதவர், மருந்தளவை மாற்றுங் காலத்தில் இரு வாரம் மட்டும் ஒன்றை அணிந்து, அப்பதிவை வைத்தியரிடங் காட்டுதலும் ஒரு வழியாகும்.

மூன்றாமவர் முதலாம் வகை நீரிழிவுடைய பல்கலைக்கழக மாணவி. இவரது சதையி இன்சுலினைச் சுரப்பதில்லை. நாளுக்கு நான்கு ஊசியும், நான்கிற்குக் குறையாத சோதனையும் இவருக்கு வாழ்வின் நிபந்தனையாகும். நாளுக்கு நான்காயின் மாதத்துக்கு 120 கீற்றுகள். உணரி உண்மையாகவே இன்றியமையாததாகும் இடம் இதுவே. குடும்பத்தாற் பெருஞ்செலவு ஒன்றையே தாங்கமுடியுமெனில், பம்பிக்கு முன்னர் உணரியை வாங்குதலே அறிவுடைமை; ஏனெனில், அறிந்தபின் பேனையாலும் ஏற்றலாம், அறியாமற் பம்பியாலும் பயனில்லை.

நான்காமவர் கருவுற்ற காலத்து நீரிழிவு கண்ட பெண். இவருக்குக் காலம் குறுகியது, எல்லையும் இறுக்கமானது. வெறுவயிற்றில் 95 இற்குக் கீழும், உண்டு ஒரு மணித்தியாலத்தில் 140 இற்குக் கீழும் அல்லது இரண்டு மணித்தியாலத்தில் 120 இற்குக் கீழும் இருத்தல் பொதுவாக வேண்டப்படும். சில மாதங்களுக்கே யாதலின், இவர் பொருட்டுக் கீற்றிற் சிக்கனம் பார்த்தல் ஆகாது.

வழங்கலும் வெப்பமும்

கருவியைத் தெரியும்போது நம் நாட்டின் நிலைமையையும் நோக்குதல் வேண்டும். 2022 இல் அந்நியச் செலாவணி நெருக்கடியால் மருந்துகளுக்கும் மருத்துவ உபகரணங்களுக்கும் தட்டுப்பாடு நேர்ந்ததை இலங்கையர் யாவரும் அறிவர். கீற்றும் உணரியும் இறக்குமதிப் பொருட்களே. எனவே ஒரு கருவியை வாங்குமுன், அது நின்றுபோயின் நான் என்செய்வேன் என்று வினாவி, மறுவழியொன்றையும் வைத்திருத்தல் வேண்டும். உணரி அணிபவருக்கு மீற்றர் மறுவழி; பம்பி அணிபவருக்குப் பேனை மறுவழி; பேனை உடையவருக்கு ஊசிக்குழல் மறுவழி. புதிய கருவி பழைய திறனை மறக்கச் செய்தல் ஆகாது.

வெப்பமும் கவனத்துக்குரியது. கீற்றுகளைப் பெரும்பாலும் 30 பாகை செல்சியசுக்குக் கீழே, தம் போத்தலிலேயே இறுக மூடி வைத்தல் வேண்டும். திறவாத இன்சுலினை 2 முதல் 8 பாகைவரை குளிர்ப்பெட்டியில் வைத்தல் வேண்டும், உறையவிடல் ஆகாது. பயன்பாட்டிலுள்ளது பொதுவாக 30 பாகைக்குக் கீழே ஏறத்தாழ நான்கு வாரம் தாங்கும். குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டிலே, ஈரமணலிட்ட மட்பாண்டத்தினுள் சிறு பாண்டமொன்றை வைத்து, அதனுள் குப்பியை நீர்படாது வைப்பின், ஆவியாதலால் அது குளிர்ச்சியாக இருக்கும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால், சிறந்த கருவி என ஒன்று இல்லை, ஒருவருடைய நோய்க்கும் மருந்துக்கும் வருவாய்க்கும் வாழிடத்துக்கும் பொருந்திய கருவியே உண்டு என்பது பெறப்படும். வாங்குமுன் வினாவவேண்டியவை நான்கு: இவ்வெண்ணைக் கொண்டு எந்த முடிவை மாற்றுவேன்? இதற்குரிய கீற்றும் உணரியும் இங்கே தொடர்ந்து கிடைக்குமா? என் மருந்தோ பிறநோயோ இதன் அளவீட்டைப் பிழைக்கச் செய்யுமா? இது நின்றால் மறுவழி யாது?

இவ்விதழை வாசிக்கும் மாணவர் பலருடைய இல்லங்களிலே நீரிழிவோடு வாழுந் தந்தையோ தாயோ பேரனோ பேர்த்தியோ இருத்தல் கூடும். விடுமுறையில் வீடு செல்லும்போது அலுமாரியில் உறங்கும் மீற்றரை எடுத்து, அதன் அலகு எது, கீற்றின் காலம் முடிந்துவிட்டதா, குறிப்பேட்டிலுள்ள எண்களை எவரேனும் வாசித்தனரா என்று பாருங்கள். அவ்வெண்களைக் கிளினிக் நாளன்று வைத்தியர்முன் வைக்கும்படி அவர்களைத் தூண்டுங்கள். எழுதிவைத்த எண் வாசிக்கப்பட்டு, வாசித்த எண் ஒரு கவளத்தையோ ஓர் அலகையோ மாற்றும்போதுதான் கருவி தன் கடமையைச் செய்ததாகும்.